கிலுகிலுப்பை முதல் சிறுதேர் வரை

கல்லூரி மலரில் இலக்கியம், அரசியல், விண்வெளி என்று பெரிய பொருள்களைப் பற்றி எழுதுவோர் பலர். தவழும் குழந்தையின் கையிலிருக்கும் கிலுகிலுப்பையைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று நண்பர்கள் கேட்கலாம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, அதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைக் கண்டவர்கள் அவர்கள். ஐந்தாம் திங்களில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பின்னர்ச் சிறுபறை முழக்குவதும், சிற்றில் சிதைப்பதும், சிறுதேர் உருட்டுவதும் வருகின்றன. இன்றைய குழந்தை மருத்துவர் கையிலுள்ள வளர்ச்சி அட்டவணையும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செல்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. நம் வீட்டு நடைவண்டிக்கும் சக்கரம் மூன்றுதான்!

இப்பொருளைப் பற்றி எழுத எனக்கு வேறு காரணமும் உண்டு. நான் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அத்தை அத்தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாகப் பணியாற்றுகின்றார். விடுமுறை நாட்களில் அவருக்கு உதவியாக நானும் செல்வதுண்டு. வகுப்பில் விலங்கியல் பாடத்தில் படித்த நரம்பு மண்டலமும் புலனுறுப்புகளும் அங்கே கண்ணெதிரே தவழ்ந்து கொண்டிருக்கும். அவ்வாறு கண்டதையும் படித்ததையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

புலன்கள் விழிக்கும் வரிசை

பிறந்த குழந்தைக்கு எல்லாப் புலன்களும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. செவி முந்திக்கொள்கின்றது, கருவில் ஏறத்தாழ ஆறாம் மாத அளவிலேயே அது ஓசையை உணரத் தொடங்கி விடும். ஆகவேதான் பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலைக் குழந்தை அறிகின்றது. அவளுடைய மணத்தையும் அறிகின்றது. கண் பின்தங்கி வருகின்றது. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தொலைவுக்குள் இருப்பவையே. மடியில் கிடந்து தாயின் முகத்தைப் பார்க்க அத்தொலைவு போதுமானதன்றோ?

அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்பவர் 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் ஓர் எளிய சோதனையைச் செய்தார். குழந்தையின் முன் இரண்டு அட்டைகளைக் காட்டி, எதை அதிக நேரம் பார்க்கின்றது என்று அளந்தார். வெறும் வண்ணம் பூசிய அட்டையைவிடக் கோடுகளும் வட்டங்களும் முகமும் வரைந்த அட்டையையே குழந்தைகள் நெடுநேரம் பார்த்தன. முதல் இரண்டு மூன்று மாதங்களில் வெளிர் நிறங்கள் குழந்தையின் கண்ணில் நன்கு பதிவதில்லை. கருப்பும் வெளுப்பும் அருகருகே இருந்தால் பதியும். அடர்ந்த சிவப்பும் விரைவில் பிடிபடும். கடைகளில் பச்சிளம் குழந்தைக்கென்று வைத்திருக்கும் வெளிர் நீலப் பொம்மையும் வெளிர் ரோஜா நிறப் பொம்மையும் வாங்குகின்ற நம் கண்ணுக்கு அழகு. குழந்தைக்கு அவை ஏறக்குறைய மங்கல் மூட்டந்தான்.

இவ்விடத்தில் நம் மலையின் சொத்தொன்றை நினைக்காமலிருக்க முடியவில்லை. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கருப்பு நூல்களால் போடும் பூவேலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை, கருப்பு, சிவப்பு என்ற மூன்றே நிறங்கள். திரும்பத் திரும்ப வரும் கோடுகளும் கட்டங்களும். தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படும் மேடான தையல். இளங்குழந்தையின் கண்ணும் விரலும் தேடுகின்றவை யாவும் அதில் இருக்கின்றன. விலையுயர்ந்த அத்துணியைக் குழந்தையின் வாயில் கொடுங்கள் என்று நான் கூறவில்லை. பழைய வெள்ளை வேட்டித் துண்டொன்றில் கருப்பு, சிவப்பு நூலால் பட்டையாக நாமே தைத்துத் தொட்டில் பக்கத்தில் மாட்டலாம். செலவு சில ரூபாய்களே.

பருவத்திற்கேற்ற பொருள்

முதல் மூன்று மாதங்களில் கையில் எதையும் கொடுக்கத் தேவையில்லை. உள்ளங்கையில் பட்டதைப் பற்றிக்கொள்ளும் அனிச்சைச் செயலே அப்போது உண்டு. வேண்டும்போது விடத் தெரியாது. காண்பதற்கு ஏதேனும் ஒன்றும், கேட்பதற்கு ஒரு குரலும் போதும்.

நான்கு மாத அளவில் குழந்தை கை நீட்டிப் பொருளைப் பிடிக்கின்றது. ஆறு மாத அளவில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகின்றது. பிடித்ததை உடனே வாய்க்குக் கொண்டு போகின்றது. 'வாயில் வைக்காதே' என்று நாம் கையைத் தட்டிவிடுகின்றோம். ஆனால் அந்த வயதில் உதடும் நாக்குமே மிக நுட்பமான தொடு கருவிகள். உருண்டையா, கூர்மையா, மெத்தென்றிருக்கின்றதா என்பதையெல்லாம் குழந்தை வாயால்தான் படிக்கின்றது. ஆகவே வாயில் வைக்கத்தக்க பொருளாகத் தேர்ந்து கொடுப்பது நம் கடமை. நன்கு கழுவிய மரக்கரண்டி, பெரிய மரவளையம், பின்னிய கம்பளிப் பந்து ஆகியவை ஏற்றவை.

கம்பளிப் பந்தைப் பற்றி ஒரு சொல். குழந்தைப் பள்ளி என்னும் கருத்துக்கு வித்திட்ட ஜெர்மானியர் ஃபிரெடரிக் ஃபுரோபெல், குழந்தைக்கான 'முதற் பரிசு' என்று வகுத்தது ஆறு நிறக் கம்பளிப் பந்துகளையே. வீட்டுக்கு வீடு பெண்கள் ஸ்வெட்டர் பின்னும் நம் ஊரில் மிஞ்சிய நூலுக்கா பஞ்சம்? பஞ்சு வெளியே வராதபடி இறுகப் பின்னினால் பிடிக்க எளிது. மேலே விழுந்தாலும் வலிக்காது. துவைத்து வெயிலில் உலர்த்தலாம்.

எட்டு, ஒன்பது மாதங்களில் இன்னொரு மாற்றம் நிகழ்கின்றது. மறைத்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகின்றது. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே விரிவாக ஆராய்ந்தது இதனையே. டம்ளருக்கு அடியில் பந்தை ஒளித்தால் டம்ளரைத் தூக்கிப் பார்க்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், மூடித் திறக்கும் டப்பா, உடையாத கண்ணாடி ஆகியவை இப்பருவத்துக்கு உரியவை. சமையலறைப் பாத்திரங்களைக் குழந்தை உருட்டுகின்றதென்று சினம் கொள்ளும் தாய்மார், அது பாடம் படிக்கின்றதென்று அறிந்தால் சற்றுப் பொறுத்துக்கொள்வர்.

ஓராண்டுக்கு மேல் நடைவண்டி, சிறுபறை, மணல், தண்ணீர். இரண்டரை, மூன்று வயதில் ஒப்பிடும் விளையாட்டுகள். இதில் வழிகாட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், உலகப் போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது; 1942 முதல் 1944 வரை நம்மைப் போன்ற மலைவாசிகளின் ஊராகிய கொடைக்கானலில் குழந்தைகளுடன் பணியாற்றினார். ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஒரு பண்பை மட்டும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருவிகளின் அடிப்படை. அவருடைய ஓசைப் பெட்டிகளைப் பாருங்கள். வடிவத்தில் வேறுபாடில்லாத ஆறு பெட்டிகள் ஒரு தொகுதி. அதே ஓசைகளை உடைய வேறு ஆறு, மறு தொகுதி. குலுக்கிக் கேட்டு இணை சேர்க்க வேண்டும். கண் உதவாது, செவிதான் உழைக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, சீசன் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் தொங்கும் மின்கலப் பொம்மையைப் பாருங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கெரிகின்றது, பாட்டுப் பாடுகின்றது, தானே சுழல்கின்றது. எல்லாவற்றையும் பொம்மையே செய்கின்றது. குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. எதைச் செய்தால் எது நிகழ்ந்தது என்பதும் விளங்குவதில்லை. கிலுகிலுப்பையோ மெல்ல ஆட்டினால் மெல்ல ஒலிக்கின்றது; வேகமாக ஆட்டினால் வேகமாக ஒலிக்கின்றது; நிறுத்தினால் நின்று விடுகின்றது. காரணத்தையும் காரியத்தையும் பற்றிய முதற்பாடம் அதில் இருக்கின்றது.

மடுவத்தில் ஒரு கிலுகிலுப்பை

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. நம் மாவட்டத் தோட்டங்களில் மடுவங்கள் நிலைபெற்றது இவ்வாறுதான். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் இங்கே குடியேறியபோது, 'லயம்', 'மடுவம்' என்னும் சொற்களும் அவர்களோடு வந்தன. தாய் கொழுந்து பறிக்கும் நேரமெல்லாம் குழந்தை மடுவத்தில். ஓர் ஆயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் என்றால், பாலும் உறக்கமும் கவனிப்பதற்கே நேரம் போதாது. விளையாட்டுப் பொருள் என்ற பெயரில் ஒரு மூட்டை உடைந்த பிளாஸ்டிக் பொம்மைகள் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு, நானும் அத்தையும் இரண்டு விடுமுறை நாட்களில் ஒரு கூடைப் பொருள்களைச் செய்தோம். ஒரே அளவுள்ள டப்பாக்களில் அரிசி, கூழாங்கல், மணல் என்று இட்டு, மூடியை ஒட்டி, மேலே துணி சுற்றித் தைத்தோம். சாக்கு, வெல்வெட், கம்பளி, தடித்த காடா எனப் பலவகைத் துண்டுகளை இணைத்து ஒரு தொடு விரிப்பும் ஆயிற்று.

அக்கூடை வந்து ஒரு வாரங்கூட ஆகவில்லை; அத்தை என்னை அழைத்தார்.

"இந்தப் பாப்பாவைப் பாரும்மா. மத்தப் பிள்ளைக எல்லாம் டப்பாவை ஆட்டினா திரும்புது. இது திரும்ப மாட்டேங்குது."

"தூக்கமா இருக்கும் அத்தை."

"மூணு நாளாப் பார்க்கிறேன். முன்னால நின்னு சிரிச்சா சிரிக்குது. பின்னால நின்னு கூப்பிட்டா ஒண்ணுமில்ல."

அந்தப் பாப்பாவுக்குப் பத்து மாதம். அத்தை மடியில் அமர்த்தி முன்னே ஒரு பொருளைக் காட்ட, நான் பின்னால் நிழல் விழாதவாறு இரண்டு மூன்றடி தள்ளி நின்று, காதின் மட்டத்தில் அரிசி டப்பாவை மெல்லக் குலுக்கினேன். வலப்புறம் இல்லை, இடப்புறமும் இல்லை. தரையில் காலைத் தட்டினால் மட்டும் அதிர்வை உணர்ந்து திரும்பியது. பின்னர்ப் படித்தபோதுதான், இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த இவிங் தம்பதியர் 1944-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளின் செவித்திறனை அறிய இதே போன்ற முறையை வகுத்திருந்தனர் என்பது தெரிந்தது.

குழந்தையின் தாய் முதலில் நம்பவில்லை. ஒரு நாள் பேரை இழந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமே என்ற கவலை வேறு. அத்தை விடாமல் இரண்டு மாலைகள் அவர் வீட்டுக்கே சென்று பேசினார். இறுதியில் பரிசோதனை நடந்தது. இரு செவிகளிலும் கேள்வித்திறன் மிகக் குறைவு என்று தெரிந்தது. காது கருவியும் பயிற்சியும் தொடங்கின. இன்று அச்சிறுமி 'அம்மா வா', 'பூ தா' என்று இரு சொற்களைச் சேர்த்துப் பேசுகின்றாள். இன்னும் இரண்டாண்டுகள் கழித்து, 'பிள்ளை பேசவில்லையே' என்று தேடத் தொடங்கியிருந்தால் மொழி வளரும் நல்ல காலம் கடந்திருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். கிலுகிலுப்பை மருத்துவக் கருவியன்று. பிறந்த சில நாட்களிலேயே செவித்திறனை அறியும் கருவிகள் இன்று உள்ளன. 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். ஓசைக்குத் திரும்பாத குழந்தையையும், நகரும் பொருளைக் கண்ணால் பின்தொடராத குழந்தையையும், ஒரு கையை மட்டுமே நீட்டும் பச்சைக் குழந்தையையும் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விளையாட்டுப் பொருள் செய்வது, நம்மைக் கவனிக்க வைப்பதே.

தவிர்க்க வேண்டியவை

வாங்கும் முன் ஆராய வேண்டியவற்றையும் கூறுகின்றேன்.

முதலாவது, அளவு. மூன்று வயதுக்குட்பட்டோர் பொருளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைத் தர அளவாக வைத்திருக்கின்றனர். அதனுள் முழுதும் அடங்கும் பொருள் எதுவும் அவ்வயதினர்க்கு ஆகாது, தொண்டையை அடைக்கும். ஊதாத பலூனும் கிழிந்த பலூன் துண்டும் இதில் சேரும். தொட்டிலில் கட்டும் கயிறும் ஒரு சாணுக்கு மேல் நீளாதிருத்தல் நலம்.

இரண்டாவது, மின்கலம். சட்டைப் பொத்தான் போன்ற வட்ட மின்கலத்தை விழுங்கினால், உணவுக்குழாயில் தங்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கி விடும். மின்கல அறைக்குத் திருகாணி இல்லாத பொம்மையைத் தொடவே வேண்டாம். வலிமை மிக்க சிறு காந்தங்களும், நீரில் ஊறிப் பெருக்கும் வண்ணக் குண்டுமணிகளும் அவ்வாறே குடலில் கேடு விளைவிப்பவை.

மூன்றாவது, நம் பக்கத்துப் பொருள்கள். சிவப்பும் கருப்புமாய் அழகாயிருக்கும் குன்றிமணியைக் கிலுகிலுப்பையில் இடும் பழக்கம் உண்டு. உடைத்து மென்றால் அது கொடிய நஞ்சு. நீலகிரித் தைலத்தைச் சளிக்கு நல்லதென்று குழந்தையின் துணிப் பொம்மையில் தெளிப்பவர்களையும் கண்டிருக்கின்றேன். சிறிதளவு உள்ளே சென்றாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். புட்டியை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். பஞ்சு அடைத்த பெரிய கரடிப் பொம்மை, மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் உள்ள நம் வீடுகளில் உலர்வதே இல்லை. பூஞ்சணம் பிடித்து மூச்சுத் தொல்லைக்கு வழி செய்யும். துவைத்து ஒரே நாளில் உலரும் சிறிய பொம்மையே இம்மலைக்கு ஏற்றது.

நான்காவது, உட்கார வைத்து ஓட்டும் சக்கர நாற்காலி வண்டி. குழந்தையை நடுவில் இருத்தும் இந்த 'வாக்கர்' நடையைக் கற்பிப்பதில்லை. படிகளில் உருண்டு விழும் விபத்துகள் காரணமாகக் கனடா நாடு இதனை 2004-ஆம் ஆண்டு தடை செய்தது. வாசலைத் தாண்டினால் சரிவும் படியுமாக உள்ள நம் ஊரில் இதன் ஆபத்து பன்மடங்கு. குழந்தை தானே எழுந்து நின்று தள்ளும் பழைய நடைவண்டி எவ்வளவோ மேல். அதையும் சமதரையில், ஆள் பார்த்திருக்கத் தள்ளட்டும்.

ஐந்தாவது, முத்திரையும் சாயமும். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து, பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. மைசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நண்பர்கள் சன்னபட்டணத்து அரக்குச் சாய மரப்பொம்மைகளைப் பார்த்திருப்பர். கடைசலில் சுழலும் மரத்தின்மீது அரக்கை அழுத்தி மெருகேற்றுவது அவ்வூர்க் கலை. எந்த மரப்பொம்மையாயினும் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் குழந்தைக்கு வேண்டாம். பழைய வர்ணம் உரியும் பொம்மைகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் விலக்குக.

ஆறாவதாகச் சொல்ல வேண்டியது கையுறையைப் பற்றி. குளிருக்கு அஞ்சி நம் வீடுகளில் குழந்தையின் கைகளை நாளெல்லாம் உறையிட்டு மூடி வைக்கின்றோம். பிறகு எந்தப் பொருளைக் கொடுத்தென்ன? விரல் உணர்வதற்கில்லை. வெயில் வந்த நேரத்திலாவது உறையைக் கழற்றி, கைகளுக்கு விடுதலை தாருங்கள்.

விலையும் பயனும்

விலை மிக்க பொருள்தான் அறிவை வளர்க்குமோ என்று ஐயுறுவோர்க்கு ஜமைக்கா நாட்டு ஆய்வு நல்ல விடை. 1986-87-ஆம் ஆண்டுகளில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்று, எறியும் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு எவ்வாறு விளையாட்டுக் காட்டுவதென்று தாய்மார்க்குக் கற்பித்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அக்குழந்தைகளின் வருவாய் ஒப்பீட்டுக் குழுவினரைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது என்று 2014-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை கூறுகின்றது. பழைய டப்பாவையும் துணியையும் வைத்துக்கொண்டு நிகழ்ந்தது இது. உடன் அமர்ந்து விளையாடப் பெரியவர் ஒருவர் இருந்தார் என்பதே அங்கே முதன்மையானது.

நம்மில் பலர் இக்கல்லூரியிலிருந்து ஆசிரியராகவும், அலுவலராகவும், பெற்றோராகவும் செல்லவிருக்கின்றோம். பலருடைய வீட்டில் இப்போதே அக்காளின் குழந்தையோ அண்ணனின் குழந்தையோ தவழ்ந்து கொண்டிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கடைத்தெருப் பொம்மைக்குச் செலவிடும் பணத்தைச் சேமித்து, ஒரு கம்பளிப் பந்தும், நன்றாக மூடி ஒட்டிய இரண்டு ஓசை டப்பாக்களும் செய்து எடுத்துச் செல்லுங்கள். அதைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாமல், பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். குழந்தை எதைப் பார்க்கின்றது, எதற்குத் திரும்புகின்றது, எதைத் தேடுகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாம் செலவிடும் அந்த அரை மணி, ஏதோ ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் உதவக்கூடும்.